சாண வாயுவைச் சிலிண்டரில் அடைக்கப் போய் ஒன்றரை வருடம் போன கதை

முதல் முறை சிலிண்டரை நிரப்பி முடித்துத் தராசில் தூக்கி வைத்த அந்த நிமிடம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நிரப்புவதற்கு முன்பே எடை போட்டு, மறந்துவிடக் கூடாதென்று சிலிண்டரின் தோளிலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி முனகி ஓடி, கேஜில் முள் 8 பாரை (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்) தொட்டதும் நிறுத்தினேன். கம்ப்ரசர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. தராசைப் பார்த்தால், முன்னே இருந்ததைவிட 300 கிராம் கூட. அவ்வளவுதான். தராசு கெட்டுவிட்டது போலிருக்கிறது என்று இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தேன். அதே 300 கிராம். அதே அளவு சிலிண்டரில், அதாவது 33 லிட்டர் கொள்ளளவுள்ள ஒன்றில், எல்பிஜி என்றால் 14 கிலோ பிடிக்கும்.

அடுப்பில் மாட்டிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் எரிந்து அணைந்துவிட்டது. அந்த முக்கால் மணி நேரத்துக்காக நான் அதுவரை செலவழித்திருந்தது ஐந்து மாதம். அப்போதே விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. விடவில்லை. இன்னும் ஒரு வருடம் அதன் பின்னாலேயே ஓடினேன், மொத்தத்தில் இரண்டு வருடத்துக்கு வேண்டிய எல்பிஜியை வாங்கி வைத்திருக்கக் கூடிய பணத்தைத் தொலைத்தேன், ஒரு ராத்திரி உயிரும் போயிருக்க வேண்டியது. பயோகேஸை, அதாவது இந்தச் சாண வாயுவை, எப்படிச் சுத்தம் செய்வது என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். "முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்" என்று சொல்ல ஒருத்தர் இல்லை. அதனால்தான் இது.

ஆரம்பம் ரொம்ப நியாயமான ஆசைதான். தொழுவத்தின் பக்கத்தில் மிதக்கும் டிரம் வைத்த சாண வாயுக் கலன் இருக்கிறது. தினமும் 50 கிலோ சாணம் கரைத்து ஊற்றினால் சுமார் 2 கன மீட்டர் வாயு வரும். அதில் பாதிதான் அங்கே செலவாகும். மீதி, டிரம் முழுக்க ஏறிய பிறகு ஓரத்தில் குமிழி குமிழியாக வெளியேறிப் போகும். அந்தக் குமிழிச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஒரு கன மீட்டர் பயோகேஸ் என்பது கிட்டத்தட்ட 450 கிராம் எல்பிஜிக்குச் சமம். சும்மா காற்றில் விட்டால் நஷ்டம் மட்டுமில்லை, அதில் எரிகிற பாகமான மீத்தேன் நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றக் கூடியது. வீடோ தொழுவத்திலிருந்து வெகு தூரம், நடுவில் குழாய் போட வழியில்லை. சரி, சிலிண்டரில் அடைத்துத் தூக்கிப் போய்விடலாமே என்று தோன்றியது. வீடியோக்களில் எல்லாரும் அதைத்தான் செய்து காட்டினார்கள். நீலச் சுடர் எரியும், எல்லாரும் கை தட்டுவார்கள், வீடியோ முடிந்துவிடும். எத்தனை நிமிடம் எரிந்தது என்று எவரும் சொல்வதில்லை.

அந்த 300 கிராம் கதையை அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முப்பது வருடமாக ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறவர். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சிலிண்டரைப் பக்கவாட்டில் பிடித்து லேசாக ஆட்டினார். "மாப்ள, சலசலன்னு ஏதாவது கேக்குதா?" "இல்ல மாமா." "கேக்காது. எல்பிஜி சிலிண்டர்ல உள்ள இருக்கறது தண்ணி மாதிரி திரவம். இது எவ்வளவு அழுத்துனாலும் வெறும் காத்துதான்." அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். புரொப்பேன், பியூட்டேன் இரண்டும் சாதாரண வெப்பநிலையில், பத்து பாருக்குள் அழுத்தினாலே திரவமாகிவிடும். மீத்தேன் அப்படியில்லை. மைனஸ் 82 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை எத்தனை பார் அழுத்தம் கொடுத்தாலும் அது திரவமாகவே ஆகாது. சாதாரண அழுத்தத்தில் திரவமாக்க வேண்டுமென்றால் மைனஸ் 161 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். என் கம்ப்ரசர் தலைகீழாக நின்றாலும் அது நடக்காது. 8 பார் என்றால் 33 லிட்டர் டப்பாவுக்குள் சுமார் 270 லிட்டர் வாயு கூடுதலாகப் போயிருக்கும், அதாவது கால் கன மீட்டர் சொச்சம். இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல். முதல் நாளே போட்டிருக்கலாம்.

பெரிய அளவில் செய்கிறவர்கள் 200 பாருக்கு மேல் அழுத்தி, அதற்கென்றே செய்த தடித்த சிலிண்டர்களில் அடைக்கிறார்கள், வாகனங்களுக்குப் போகும் சிஎன்ஜி மாதிரி. அதற்குப் பல கட்டங்களாக அழுத்தும் கம்ப்ரசர், சோதனை முத்திரை வாங்கிய சிலிண்டர், கிட்டத்தட்ட முழுக்கச் சுத்தமான, ஈரமே இல்லாத வாயு, எல்லாம் வேண்டும். நாளுக்கு நூற்றுக்கணக்கான கன மீட்டர் வருகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகும். ஒரு கன மீட்டர் மிச்சம் வைத்திருக்கிறவருக்கு ஆகவே ஆகாது. எல்பிஜி சிலிண்டரோ அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை. அதில் வேறு வாயுவை அடைப்பதே தப்பு, நான் செய்ததும் தப்புதான். 8 பாரில் நிறுத்தினேனே என்று இப்போது நினைத்தாலும் அது புத்திசாலித்தனத்தால் இல்லை, கம்ப்ரசருக்கு மேலே போகத் தெம்பில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் விடவில்லை என்று கேட்கலாம். சுத்தம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பயோகேஸில் மீத்தேன் பாதிக்கு மேலே இருக்கும், 50 முதல் 70 சதவீதம் வரை. மீதி பெரும்பாலும் கரியமில வாயு. போதாததற்கு ஈரம், அப்புறம் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு. இதில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்பதில்தான் என் அடுத்த கோட்டை விட்டது. அளவில் அதிகம் என்பதால் கரியமில வாயுவின் பின்னால் போனேன். முதலில் எடுக்க வேண்டியது, அளவில் ஆகக் குறைவான அந்த சல்பைடுதான்.

சுத்தம் செய்ய இறங்கிய மூன்றாவது மாதம் கம்ப்ரசர் நின்றது. மாமா அதை அறுத்துத் திறந்து காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் தார் மாதிரி கறுத்துக் கெட்டியாகி, உள்ளே செம்புக் கம்பிச் சுருளெல்லாம் கரி பூசியது போல இருந்தது. பித்தளை வால்வின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் கறுப்புச் செதில் உதிர்ந்தது. ஈரத்தோடு சேர்ந்தால் இந்த சல்பைடு செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும், அழுத்தத்தில் இருக்கும் எஃகிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கும். நான் அந்தச் சிலிண்டரை வீட்டுக்குள் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

இதை எடுப்பது உண்மையில் மிகச் சுலபம். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை வாங்கி, சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, உப்புத் தண்ணீரில் நனைத்து நாலைந்து நாள் வெளியே போட்டால் செங்கல் நிறத்துக்குத் துருப்பிடித்துவிடும். அந்தத் துருவை ஒரு குழாயில் தளர்வாக நிரப்பி, அதன் வழியே வாயுவை மெதுவாக விட வேண்டும். துரு சல்பைடைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகும். ஒளி ஊடுருவும் குழாயாகப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு கீழிருந்து மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும், மாற்ற வேண்டிய நாளை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் முதலில் சாதாரண பிவிசி குழாய் போட்டுவிட்டு எப்போது மாற்றுவது என்று மூக்கை நம்பிக்கொண்டிருந்தேன்.

மூக்கை நம்பக் கூடாது. இதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். சல்பைடு மிகக் கொஞ்சமாக இருக்கும்போது நாற்றம் பயங்கரமாக அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இன்னும் பல மடங்கு ஏறினால் சில மூச்சிலேயே மயக்கம். நாற்றம் போய்விட்டது, வடிகட்டி வேலை செய்கிறது என்று ஒரு சாயங்காலம் சந்தோஷமாகக் குனிந்து குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன், திடீரென்று தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை திறந்த வெளி. பிறகு ஒரு நாள் கறுத்த நாரை எடுத்துச் சாக்கின் மேல் போட்டுவிட்டு வேறு வேலையாகப் போனேன். அரை மணியில் சாக்கு புகைகிறது! கறுத்த நார் காற்றில் பட்டதும் மறுபடி துருவாக மாறும், அப்போது சூடு கிளம்பும், உலர்ந்திருந்தால் தானே பற்றிக்கொள்ளும். எடுத்தவுடன் தண்ணீர் வாளியில் முக்கி, ஈரமாகவே பரப்பி ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தால் அதே நாரைத் திரும்பவும் சில தடவை பயன்படுத்தலாம்.

ஈரத்துக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம். கலனிலிருந்து வெதுவெதுப்பாக வரும் வாயு குழாயில் குளிர்ந்ததும் தண்ணீர் விடும், ஒரு கன மீட்டருக்கு இருபது கிராம் போல. குழாயைச் சரிவாகப் போட்டு, ஆகத் தாழ்ந்த இடத்தில் டி வடிவ இணைப்பு ஒன்று வைத்து, கீழே ஒரு பாட்டிலை மாட்டிவிட்டால் போதும். இதைச் செய்யாமல் குழாய் நடுவில் தொங்கல் விழுந்து, அதில் தண்ணீர் தேங்கி, வாயுவே வரவில்லை என்று இரண்டு நாள் கலனைக் குடைந்தவன் நான்.

இனி கரியமில வாயு. இதில்தான் நேரம் அதிகம் போனது. சுண்ணாம்பு கரைத்த டிரம்மில் குமிழி விட்டால் கரியமில வாயு போய்விடும் என்பது உண்மைதான். எத்தனை சுண்ணாம்பு என்பதுதான் கேள்வி. ஒரு கன மீட்டர் பயோகேஸில் 400 லிட்டர் கரியமில வாயு இருந்தால், அதை எடுக்க நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது ஒரு கிலோ இருநூறு கிராம் வேண்டும். எனக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் பிடித்தது. 450 கிராம் எல்பிஜிக்குச் சமமான வாயுவைக் கழுவ ஒன்றரை கிலோ சுண்ணாம்பு, தினமும். கழுவி முடித்தால் டிரம்மின் அடியில் சுண்ணாம்புக்கல் சேறாகத் தேங்கும், குமிழி விடும் குழாயின் வாய் வாரத்துக்கு இரண்டு முறை அடைத்துக்கொள்ளும். அதைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்த ஒரு நாள்தான் உறைத்தது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு, அதிலிருக்கும் கரியமில வாயுவை ஓட்டித்தான் சுண்ணாம்பே செய்கிறார்கள். நான் அதே வாயுவை மறுபடி அதற்குள் திணித்துக்கொண்டிருந்தேன்.

சரி, தண்ணீரில் கழுவலாம் என்று அடுத்தது. மீத்தேனைவிடக் கரியமில வாயு தண்ணீரில் இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கரையும், ஆலைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே 6 முதல் 10 பார் அழுத்தத்தில் கோபுரத்தின் மேலிருந்து தண்ணீரைப் பொழியவிட்டுச் செய்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் பயோகேஸைக் கழுவ ஆயிரத்து இருநூறு லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும், அதுவும் எல்லாம் கச்சிதமாக நடந்தால். என் இருநூறு லிட்டர் டிரம்மில் தேங்கிய தண்ணீர் ஒரு மணி நேரத்தில் அதற்கு மேல் கரைக்க முடியாத அளவுக்கு நிறைவாகி, அதற்குப் பிறகு வெறும் குமிழி விளையாட்டுதான்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், ஒரு சிரிஞ்சால். இருபது மில்லி வாயுவை இழுத்து, அதே சிரிஞ்சில் கொஞ்சம் காஸ்டிக் சோடாக் கரைசலை இழுத்து (கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்), வாயை அடைத்துக் குலுக்கினால் கரியமில வாயு கரைசலுக்குள் போய்விடும், தண்டு தானாக உள்ளே இழுபடும். மிச்சம் நிற்பது ஏறக்குறைய மீத்தேன், காற்று கலந்திருந்தால் அதுவும் இதில்தான் நிற்கும். கழுவாத வாயு இருபதுக்கு 12 காட்டியது. தண்ணீர் டிரம்முக்குப் பிறகு பன்னிரண்டரை. சுண்ணாம்புக்குப் பிறகு, நல்ல நாளில், 16. மூன்று மாத உழைப்புக்கு அந்தப் பன்னிரண்டரையைப் பார்த்தபோது அழுகை வரவில்லை, ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது. இந்தச் சிரிஞ்சை முதல் நாளே வாங்கியிருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

இன்னொன்றும் இங்கேதான் புரிந்தது. கழுவினாலும் கழுவாவிட்டாலும் உள்ளே இருக்கும் மீத்தேன் அதே 600 லிட்டர்தான். கழுவுவதால் தீ ஒரு சொட்டும் கூடாது, இடம்தான் குறையும். அடுப்புக்குக் கரியமில வாயு ஒரு இடைஞ்சலே இல்லை, பயோகேஸ் அடுப்பின் ஜெட்டே, அதாவது வாயு பீய்ச்சும் முனையே, அதற்கேற்றபடி பெரிய ஓட்டையாக இருக்கும். சொல்லப்போனால், சுண்ணாம்பில் கழுவிய வாயுவை என் பழைய அடுப்பில் விட்டபோது சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தது. காற்றுத் திறப்பை மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது.

இப்போது அந்த ராத்திரி. மாமா பார்த்துக் கொடுத்த இரண்டாவது கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "மாப்ள, இது உறிஞ்சற சாமான். வாயு தீந்து போச்சுன்னா சும்மா இருக்காது, எங்க ஓட்டை இருக்கோ அங்கிருந்து காத்தை இழுக்கும். பக்கத்துலயே நில்லு." நின்றேன், ஒரு போன் வந்தது, போனேன். திரும்பி வந்தால் வாயு தீர்ந்து, குழாய் உள்வாங்கி ஒட்டிக் கிடக்கிறது, ஒரு மூட்டிலிருந்து மெல்லிய சீட்டிச் சத்தம். வாயு வெளியே வரும் சத்தமில்லை, காற்று உள்ளே போகிற சத்தம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அது வெடிக்கும் கலவை. அந்தக் கலவையைச் சூடான கம்ப்ரசர், உள்ளேயே மின்சுருள் இருக்கிற கம்ப்ரசர், அழுத்தி இரும்புச் சிலிண்டருக்குள் திணித்துக்கொண்டிருந்தது. எத்தனை நிமிடமாக என்று தெரியாது. பக்கத்தில் போய் சுவிட்சைத் தொடவும் பயம். மெயினை வீட்டில் அணைத்துவிட்டு, எல்லாரையும் எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போய் விடியும்வரை தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். காலையில் மாமா வந்து, திறந்த வெளியில், வால்வை மயிரிழை அளவு திறந்து மெதுவாகக் காலி செய்தார். என்னைத் திட்டவில்லை. கம்ப்ரசரை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. குமிழி போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் தீர்வு என்னவென்றால், பை. அழுத்தமே இல்லாத, வெறும் பெரிய பை. போர்க் காலங்களில் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கூரைமேல் ராட்சத வாயுப் பை கட்டிக்கொண்டு பேருந்தும் காரும் ஓடிய புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஏன் இது முதலில் தோன்றவில்லை என்றிருந்தது. பயோகேஸுக்கென்றே தடித்த துணியோடு சேர்த்து ஒட்டிய பை கிடைக்கிறது. ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும் பை ஒன்று வாங்கினேன். நிரம்பினால் மெத்தைக் கட்டு மாதிரி பெரிதாக இருக்கும், ஆனால் உள்ளிருக்கும் வாயு காற்றைவிடச் சற்று இலேசு என்பதால் தூக்குவதென்னவோ பையின் எடையை மட்டும்தான். காலையில் கலனில் மாட்டிவிட்டால் டிரம்மின் அழுத்தமே நிரப்பிவிடும். மோட்டார் கிடையாது, உறிஞ்சல் கிடையாது. சாயங்காலம் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்கு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எரிகிறது.

இதிலும் சறுக்கல்கள் உண்டு. பைக்குத் தானாக அழுத்தம் கிடையாது, மேலே பாரம் வைக்க வேண்டும். ஒரு செங்கல்லை வைத்துவிட்டு ஏன் எரியவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் உயர அழுத்தத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் 10 கிலோ வேண்டும். எனக்கு மூன்று சென்டிமீட்டராவது தேவைப்பட்டது, பை இரண்டு சதுர மீட்டர், ஆக 60 கிலோ. பலகை போட்டு மூன்று மணல் மூட்டை. அழுத்தத்தைப் பார்க்க ஒளி ஊடுருவும் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றிய ஒன்றே போதும். எல்பிஜி அடுப்பின் ஜெட் ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதில் இந்த அழுத்தத்தில் எதுவும் வராது, பயோகேஸ் அடுப்பாகவே வாங்குங்கள். முதல் முறை நிரப்பும்போது பையிலிருக்கும் காற்றை நன்றாகச் சுருட்டிப் பிழிந்து வெளியேற்றுங்கள், முதல் நிரப்பலை எரிக்காமல் வெளியே விடுங்கள். அடுப்புக்குப் போகும் குழாயில் மெல்லிய பித்தளை வலையை மடித்து வைத்திருக்கிறேன், சுடர் பின்னால் ஓடாமல் இருக்க. அது கறுத்தால் மாற்றிவிடுவேன். பை எப்போதும் வெளியேதான், கூரை நிழலில். மீத்தேன் இலேசு, மேலே போய்விடும் என்று பலர் சொல்வார்கள். தனி மீத்தேன் போகும். கரியமில வாயு கலந்த பயோகேஸ் கிட்டத்தட்டக் காற்றின் எடைதான், மூடிய அறையில் அப்படியே சுற்றிக்கொண்டு நிற்கும். எலிதான் பெரிய எதிரி, ஒரு மூலையைக் கடித்துவிட்டது, சோப்புத் தண்ணீர் தடவித்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தேன்.

நான் செய்ததில் இன்றைக்கும் பயன்படுவது மூன்றே சாமான்கள்: தண்ணீர் பிடிக்கும் பாட்டில், சிரிஞ்ச், இரும்பு நார்க் குழாய். மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு, தொலைத்த பணத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மாமா போன வாரம் வந்திருந்தார். பை மேல் மணல் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல முள்ளும் இல்ல, கேஜும் இல்ல, வீடியோவுக்கு நல்லா இருக்காதே மாப்ள" என்றார். குழாயில் கறுப்பு முக்கால்வாசிக்கு ஏறியிருந்தது. நாளைக்கு மாற்ற வேண்டும், வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.